ஆன்லைன் கேமில் கிடைத்த பொருளை நண்பனுக்குக் கொடுக்க ஏன் விடுவதில்லை?

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அல்லது பிஜிஎம்ஐ போன்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். என் கணக்கில் ஒரு துப்பாக்கி ஸ்கின், அதாவது துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரம், சும்மா கிடக்கிறது. நான் அதைப் போடுவதே இல்லை. நண்பனோ அதைத்தான் ஆசையாகக் கேட்கிறான். கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கு ஒரு பட்டன்கூட இல்லை. கடையில் புதிதாகக் காசு கட்டி அவனுக்குப் பரிசாக அனுப்பலாம், அவ்வளவுதான். பொருள் என்னுடையது, நண்பன் என்னுடையவன், நடுவில் கம்பெனிக்கு என்ன வேலை?

“எல்லாம் காசுக்காகத்தான்” என்ற பதில் உடனே வரும். அதில் உண்மை இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் காசு மட்டுமே காரணம் என்றால், ஒவ்வொரு விற்பனையிலும் தனக்குப் பங்கு வந்துகொண்டிருந்த ஒரு சந்தையை ஒரு பெரிய கம்பெனி தானே இழுத்து மூடியிருக்காது. அந்தக் கதையிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் புரியும்.

டயாப்லோ 3-இன் ஏலக்கூடம்

அமெரிக்காவின் பிளிசார்டு நிறுவனம் உருவாக்கிய டயாப்லோ வரிசை விளையாட்டுகளின் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான். அரக்கனைக் கொன்றால் தரையில் பொருள் விழும். என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே பெயருள்ள இரண்டு வாள்கள்கூட ஒன்றுபோல இருக்காது. தாக்கும் வலு, வேகம், கூடுதல் சக்தி எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். ஆயிரம் குப்பைக்கு நடுவே ஒருநாள் நமக்கே செய்து வைத்ததுபோல ஒன்று விழும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மக்கள் விடிய விடிய உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

2000-இல் வந்த டயாப்லோ 2-இல் பொருள்களை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். நண்பர்களுக்குள் கொடுப்பதில் தொடங்கியது, போகப்போக ஒரு பெரிய கள்ளச்சந்தையாக வளர்ந்தது. விளையாட்டுக்குள் இருந்த தங்கத்துக்கு மதிப்பே இல்லாமல் போனதால், ‘ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்’ என்ற மோதிரத்தையே வீரர்கள் நாணயமாக வைத்துக்கொண்டார்கள். இந்த வாளுக்கு இத்தனை மோதிரம் என்று பேரம் நடந்தது. நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி அந்த மோதிரத்தை நகலெடுக்கவும் சிலர் கற்றுக்கொண்டார்கள். கள்ள நோட்டு அச்சடித்த கதைதான். வெளி இணையதளங்கள் டாலருக்குப் பொருள் விற்றன; காசை வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போவதும் நடந்தது.

இதைப் பார்த்த பிளிசார்டு, எப்படியும் விற்கத்தான் போகிறார்கள், அதை நாமே பாதுகாப்பாக நடத்தினால் என்ன என்று முடிவெடுத்தது. 2012 மே 15-இல் டயாப்லோ 3 வெளியானபோது உள்ளேயே ஏலக்கூடம் இருந்தது. விளையாட்டுத் தங்கத்துக்கு ஒன்று. ஜூன் மாதம் உண்மைப் பணத்துக்கு இன்னொன்றும் திறந்தார்கள். அங்கே ஒரு பொருளுக்கு அதிகபட்சம் 250 டாலர் வரை விலை வைக்கலாம். ஓர் ஆயுதமோ கவசமோ விற்றால் பிளிசார்டுக்கு 1 டாலர். ஏமாற்று இல்லை, தேடுவதும் எளிது. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் விளையாட்டு அதில் அடி வாங்கியது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் நான் வைத்தவை, புரிந்துகொள்ள மட்டும்.

10 லட்சம் பேர் ஆடுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் 100 பொருள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி. மிக உயர்ந்த வாள் விழும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று என்றால், உலகம் முழுவதும் சேர்த்து நாளுக்கு 10 வாள் விழும். ஆண்டுக்கு 3,650. சந்தைக்கு அது நியாயமான அளவு. ஆனால் தனி ஆளாக ஆடுகிறவரின் நிலை என்ன? நாளுக்கு 100 பொருள் வீதம், ஒரு கோடியில் ஒன்று கிடைக்க அவருக்கு 1 லட்சம் நாள் ஆகும். 270 ஆண்டுக்கு மேல்.

சரி, அவருக்காக வாய்ப்பைக் கூட்டுவோம். பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்தால் சராசரியாக 100 நாளில் அவருக்கு ஒரு வாள் கிடைத்துவிடும். ஆனால் இப்போது உலகில் நாளுக்கு 10,000 வாள் கொட்டுகிறது. சில வாரங்களில் அந்த வாள் சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 100 நாள் உழைப்பவர் எவரும் இருக்க மாட்டார். எல்லோரும் முதல் வாரமே போய் வாங்கிவிடுவார்கள்.

ஆக, பொருள் தாராளமாகக் கைமாறும் விளையாட்டில் ‘ஒருவருக்கு எவ்வளவு விழ வேண்டும்’ என்று பார்த்து வாய்ப்பை வைக்க முடியாது. எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு விழுகிறது என்றுதான் பார்த்தாக வேண்டும். அப்படி வைத்த மறுகணமே, தன் கையால் தேடுகிறவருக்குக் குப்பை மட்டும்தான் மிஞ்சும். டயாப்லோ 3-இன் முதல் ஆண்டில் வீரர்கள் உணர்ந்தது இதைத்தான். நாள் முழுக்க அரக்கர்களை அடித்தும் போட்டுக்கொள்ளத் தகுந்த ஒன்றும் விழாது. ஏலக்கூடத்தைத் திறந்து, பட்டியலில் வடிகட்டி, பத்து நிமிடத்தில் அதைவிட நல்லதாக வாங்கிவிடலாம். ஆற்றில் தூண்டில் போட்டுக் காத்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் மீன் சந்தை நடப்பது போல. மீன்தான் வேண்டும் என்றால் சந்தையே போதும். அவர் வந்தது தூண்டிலுக்காக.

இதைச் சொன்னது வீரர்கள் மட்டுமில்லை. டயாப்லோ 3-ஐ இயக்கிய ஜே வில்சனே 2013-இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில், ஏலக்கூடங்கள் விளையாட்டைப் பாதித்தன என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பர் 17-இல் மூடப்போகும் அறிவிப்பு வந்தது. 2014 மார்ச் 18-இல் இரண்டு ஏலக்கூடங்களும் மூடப்பட்டன.

மூடியதோடு விடவில்லை, மாற்று ஏற்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். விழும் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விழுவது நல்லதாக இருக்கும்படி செய்தார்கள். மந்திரவாதியாக ஆடினால் பெரும்பாலும் மந்திரவாதிக்குரியதே விழும்படி மாற்றினார்கள். கூடவே, உயர்ந்த ரகப் பொருள்களை விழுந்தவரின் கணக்கோடு கட்டிப்போட்டார்கள். முதல் இரண்டும் மூன்றாவதை நம்பியே நிற்கின்றன. கைமாற முடியாது என்று உறுதியானதால்தான் நல்ல பொருளைத் தாராளமாக விழ வைக்க முடிந்தது. தடை என்று நாம் திட்டுவதுதான் நமக்குக் கிடைப்பதைக் கூட்டுகிறது. பலர் யோசிக்காமல் விடும் இடம் இது.

பொருள் சாகாத உலகம்

கைமாற்றம் எங்கே போனாலும் கெடுதல்தான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஈவ் ஆன்லைன் இருக்கிறதே! ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டு. அதில் கப்பல், ஆயுதம், கனிமம் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் வீரர்களே தயாரித்து வீரர்களுக்கே விற்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் சந்தை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொருளாதாரத்தைக் கவனிக்க 2007-இல் ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தார்கள்.

டயாப்லோவில் நஞ்சாகிப்போன கைமாற்றம் இங்கே எப்படி உயிர் கொடுக்கிறது? ஈவில் பொருள் அழிகிறது. போரில் கப்பல் உடைந்தால் போனது போனதுதான். 2014 ஜனவரி 27, 28-இல் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் ஒரு போர் மூண்டது. ஒரு கூட்டணி தன் கட்டுப்பாட்டில் இருந்த இடத்துக்கான கட்டணத்தைச் செலுத்தத் தவறியதுதான் தொடக்கம். முடிவதற்குள் அந்த விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. உண்மைப் பணத்தில் இழப்பின் மதிப்பு சுமார் 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். மறுநாள் முதல் கனிமம் தோண்டுகிறவருக்கும் கப்பல் கட்டுகிறவருக்கும் ஏற்றிச் செல்கிறவருக்கும் கை நிறைய வேலை.

டயாப்லோவின் வாள் உடைவதில்லை. இன்று விழுந்த வாள் அடுத்த ஆண்டும் அதே கூர்மையோடு இருக்கும். எனக்கு வேண்டாதபோது உங்களிடம் வரும், உங்களிடமிருந்து இன்னொருவரிடம் போகும். ஒவ்வொரு நாளும் விழுவது குவியலில் சேருமே தவிர எதுவும் குறையாது. குவியல் வளர வளர நேற்றைய அரிய பொருள் இன்று சாதாரணப் பொருளாகும். தங்கமும் அப்படித்தான்: அரக்கனைக் கொல்லும் ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லாததிலிருந்து புதிதாகப் பிறக்கிறது. செலவாகிக் காணாமல் போகும் வழி போதுமான அளவு இல்லாவிட்டால் விலைவாசி ஏறிக்கொண்டே போகும்.

டயாப்லோ 3-இல் இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 2013 மே மாதம் நடந்ததே சாட்சி. தங்கத்தின் டாலர் விலை அடிமட்டத்துக்கு விழுந்துவிட்டதால், ஒரே கட்டாக விற்கும் அளவை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தி ஒரு அப்டேட் விட்டார்கள். பல கட்டுகளைச் சேர்த்து விற்பனைக்கு வைத்தபோது மொத்தம் 2,147,483,647 என்ற எல்லையைத் தாண்டியது. 32 பிட் எண்ணில் கணினி பிடித்து வைக்கக்கூடிய உச்சம் அது. அதற்கு மேல் போனால் கணக்குப் பிசகும். பிசகியது. விற்பனையை ரத்து செய்தவர்களுக்கு வைத்ததைவிட அதிகத் தங்கம் திரும்பி வந்தது. சில மணி நேரத்தில் எண்ணிப் பார்க்க முடியாத அளவு தங்கம் உருவானது, பிளிசார்டு ஏலக்கூடத்தை நிறுத்தியது. கைமாற்றமே இல்லாத விளையாட்டில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் ஒருவரின் கணக்கு கெடும், திருத்திவிடலாம். சந்தை இருந்ததால் அது ஒரே நாளில் எல்லோருடைய பிரச்சினையாகிவிட்டது.

ஆகவே எந்த விளையாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது, பொருள் எப்படியாவது வெளியேறுகிறதா என்பதைத்தான். உடைய வேண்டும் என்று கட்டாயமில்லை. 2004-இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் அழகான ஒரு நடுவழியைப் பரவலாக்கியது. சில பொருள்கள் எடுத்த உடனேயே எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும். வேறு சில, போட்டுக்கொள்ளும் வரை கைமாறும். ஒருமுறை அணிந்துவிட்டால் பிறகு விற்க முடியாது. அணிந்த பொருள் அணிந்தவரின் கையில் வேலை செய்துகொண்டே இருக்கும், சந்தையைப் பொறுத்தவரை அதன் கதை முடிந்தது. பெரிய அரக்கர்களைக் கூட்டமாக வீழ்த்தினால் கிடைப்பவை பெரும்பாலும் முதல் வகை. அதனால் அவற்றை ஒருவர் அணிந்திருந்தால், அவர் அங்கே போய் நின்று ஆடியிருக்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பெருமையைக் காசு கொடுத்து வாங்க முடிந்தால் அதை அணிவதில் என்ன இருக்கிறது?

திருடர்களுக்கு ஏன் பிடிக்கிறது

இதுவரை சொன்னது விளையாட்டின் சுவை பற்றியது. இனி வருவது போலீஸ் விவகாரம்.

யாரோ ஒருவரின் கிரெடிட் கார்டு விவரம் திருடன் கையில் கிடைக்கிறது. அதை எப்படிக் கையில் பிடிக்கும் காசாக மாற்றுவது? டிவி ஆர்டர் செய்தால் முகவரி கொடுக்க வேண்டும். விளையாட்டுப் பொருளுக்கு முகவரி வேண்டாம். திருடிய கார்டில் விளையாட்டுப் பொருளை வாங்கி, கொஞ்சம் மலிவாக இன்னொரு வீரருக்கு விற்றால் வேலை முடிந்தது. சில வாரம் கழித்துக் கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்வார். வங்கி அந்தப் பணத்தை விளையாட்டுக் கம்பெனியிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும், அதன் மேல் அபராதமும் போடும். பொருளோ எந்தத் தப்பும் செய்யாத ஒரு பையனின் கணக்கில் இருக்கும்.

இது கற்பனையில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளைத் திறக்கும் சாவிகளை வீரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. 2019 அக்டோபரில், புதிதாக வாங்கும் சாவிகளை இனிக் கைமாற்ற முடியாது என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. கைமாறுவதற்காக வாங்கப்படும் சாவிகளில் ஏறக்குறைய அனைத்துமே மோசடிப் பணத்தில் வாங்கப்படுவதாகத் தாங்கள் நம்புவதாக அதற்குக் காரணம் சொன்னார்கள்.

கணக்குகளைத் திருடுவது இன்னொரு கிளை. 2015 டிசம்பரில் வால்வ் சொன்ன எண்ணைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள்: அவர்களின் விளையாட்டுத் தளமான ஸ்டீமில் மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுகின்றன. திருடனுக்குக் கணக்கே தேவையில்லை; உள்ளே இருக்கும் பொருளை வேறு கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, விற்றுவிடுவான். இழந்தவருக்கு இரக்கப்பட்டு கம்பெனி அதே பொருளைப் புதிதாக உருவாக்கிக் கொடுத்தால் உலகில் அந்தப் பொருள் இரண்டாகிவிடும். நியாயமாக வைத்திருக்கும் மற்ற எல்லோருடைய பொருளின் மதிப்பும் குறையும். கொடுக்காவிட்டால் இழந்தவர் அழுகிறார். கைமாற்றத்தையே அடியோடு எடுத்துவிடலாமா என்றுகூட அவர்கள் யோசித்தார்கள். கடைசியில் மொபைல் உறுதிப்படுத்தல் இல்லாதவர்களின் மாற்றங்களைச் சில நாள் நிறுத்தி வைப்பது என்று முடிவானது.

அடியோடு எடுத்தே பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஜாகெக்ஸ் நிறுவனம் நடத்தும் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில், 2007 டிசம்பர் 10 முதல் இரண்டு வீரர்கள் மாற்றிக்கொள்ளும் பொருள்களின் மதிப்பு வித்தியாசம் 3,000 நாணயத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டினார்கள். விளையாட்டுத் தங்கத்தை உண்மைக் காசுக்கு விற்றுப் பிழைக்கும் கும்பல்கள் திருட்டு கார்டில் சந்தா கட்டி, தானாக ஆடும் பாட் நிரல்களை ஆயிரக்கணக்கில் இறக்கிவிட்டிருந்த காலம் அது. கும்பல்களுக்கு அடி விழுந்தது உண்மை. ஆனால் தம்பிக்கு அக்கா ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுப்பதும் அதோடு நின்றுபோனது. வீரர்கள் கொதித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, பழையபடி திறக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 12 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பதிவாயின. 91 சதவீதம் ‘திற’ என்றது. 2011 பிப்ரவரி 1-இல் திறந்தார்கள். பாட்களும் திரும்ப வந்தன. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சண்டை இது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே ரூன்ஸ்கேப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். 2007-இல் நெதர்லாந்தில் இரண்டு சிறுவர்கள் 13 வயதுப் பையன் ஒருவனை அடித்து மிரட்டி, அவன் விளையாட்டுக் கணக்கில் இருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திரையில் மட்டுமே இருப்பது என்றாலும் அதைப் பெற நேரமும் உழைப்பும் செலவாகியிருக்கிறது, அது திருட்டுதான் என்று 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அப்புறம், வெனிசுவேலாவில் பணவீக்கம் தலைக்கு மேல் போன ஆண்டுகளில் அங்கே பலர் பழைய ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை வெளிநாட்டு வீரர்களுக்கு விற்று அரிசி பருப்பு வாங்கினார்கள். விதிப்படி அது தவறு, கணக்குகள் முடக்கப்பட்டன. ஆனால் ‘தங்க விற்பனைக் கும்பல்’ என்று ஒரே பெயரில் எல்லோரையும் அடைப்பதற்கு முன் அந்தக் குடும்பங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சூதாட்டச் சட்டம்

காசு கட்டிப் பெட்டி திறக்கிறோம், உள்ளே என்ன வரும் என்று தெரியாது. இது சூதாட்டமா? நெதர்லாந்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் சொன்ன பதிலில் கைமாற்றம்தான் கோடு கிழித்த இடம். அவர்கள் ஆராய்ந்த 10 விளையாட்டுகளில் 4 சட்டத்தை மீறுகின்றன என்றார்கள். அந்த நான்கிலும் பெட்டியில் கிடைத்த பொருளை இன்னொருவருக்கு மாற்ற முடியும். மாற்ற முடிந்தால் அதற்குச் சந்தை மதிப்பு வந்துவிடுகிறது. மற்றவற்றில் பொருள் கணக்கைவிட்டு நகராது. ஆகவே பெட்டி விற்கிற ஒரு கம்பெனியின் வக்கீல், பொருளை நகர விடாதீர்கள் என்றுதான் சொல்வார். இந்தியாவிலும் 2025 ஆகஸ்டில் பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்த பிறகு, விளையாட்டுக்குள் இருக்கும் எதுவும் வெளியே காசாக மாறுவதை எந்த நிறுவனமும் விரும்பாது.

சரி, கம்பெனியின் லாபம்?

அதுவும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வீரர்கள் தங்களுக்குள் ஸ்கின் மாற்றிக்கொண்டால் கடையில் யார் வாங்குவார்கள்? காரால் பந்தாடும் ராக்கெட் லீக் விளையாட்டில் வீரர்கள் பல ஆண்டுகளாகக் கார் அலங்காரங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கிய எபிக் கேம்ஸ், 2023 டிசம்பர் 5-இல் அந்த வசதியை நீக்கியது. தங்கள் மற்ற விளையாட்டுகளின் கொள்கையோடு ஒத்துப்போகவே என்று விளக்கம் கொடுத்தார்கள். அந்த அலங்காரங்களால் ஆட்டத்தில் யாருக்கும் கூடுதல் வலு கிடைக்காது. டயாப்லோ காரணம் இங்கே பொருந்தாது. பல ஆண்டு சேர்த்தவர்களின் கையிலிருந்து அதைப் பிடுங்கியது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு தடையை மதிப்பிட வேண்டுமானால், அது விளையாட்டைக் காக்கிறதா, கடையைக் காக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பூட்டு போட்டால் வியாபாரம் நின்றுவிடுவதும் இல்லை. ஸ்கின்னை விற்க முடியாத இடத்தில் ஐடியையே விற்கிறார்கள். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் “ப்ரோ, ஐடி சேலுக்கு இருக்கு, பழைய பண்டில் எல்லாம் இருக்கு, பாதி இப்ப ஜிபே பண்ணுங்க” என்று வரும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. முதலில் அந்தக் கணக்கை இணைத்திருந்த ஜிமெயிலோ ஃபேஸ்புக்கோ விற்றவர் கையில் இருக்கும்வரை, காசு வாங்கிய மறுநாளே அவர் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். புகார் சொல்லப் போனால், விதிப்படி கணக்கை விற்பதும் வாங்குவதுமே தவறு என்று கம்பெனி அந்த ஐடியை முடக்கும். “உங்க பாஸ்வேர்டு குடுங்க, நான் ஸ்கின் ஏத்தித் தரேன்” என்பவர் இன்னும் ஆபத்து. ஸ்கின்னைக் கணக்குக்குக் கணக்கு மாற்றும் வசதியே இல்லாத விளையாட்டில் அவர் எதை ஏற்றித் தருவார்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதில் ஏமாறுவதால் வீட்டில் பெரியவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நண்பனுக்கு ஒரு சின்ன வழி

திருடனையும் வியாபாரியையும் தடுக்கப்போய் நண்பர்களையும் தடுத்துவிடுவதுதான் இந்தப் பூட்டுகளின் பெரிய குறை. நல்ல வடிவமைப்பாளர்கள் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் வழி விடப் பார்க்கிறார்கள். ஏலக்கூடத்தை மூடிய டயாப்லோ 3 ஒரு விதி வைத்தது: உயர்ந்த பொருள் விழுந்தபோது உங்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும், 2 மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். கூடவே நின்று அடி வாங்கியவனுக்குப் பங்கு உண்டு. டாலர் வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பவருக்கு வழி இல்லை.

போகிமான் கோ 2018-இல் மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தபோது, இருவரும் 100 மீட்டருக்குள் நேரில் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அரிய வகையை மாற்ற, ஆடிச் சேர்க்கும் ‘ஸ்டார்டஸ்ட்’ புள்ளிகளில் கட்டணம் உண்டு. புதிதாக நட்பானவர்களுக்கு அது 10 லட்சம் வரை போகும், நெடுநாள் நண்பர்களுக்கு 40,000 வரை குறையும். ஒருமுறை மாறிய போகிமானை மறுபடி மாற்ற முடியாது. மொத்த வியாபாரிக்கு ஒவ்வொரு விதியும் முட்டுக்கட்டை. பூங்காவில் ஒன்றாக நடக்கும் இரண்டு தோழிகளுக்கு எதுவுமே தொந்தரவில்லை.

நியூசிலாந்தில் உருவான பாத் ஆஃப் எக்ஸைல் கைமாற்றத்தை அனுமதித்தது, ஆனால் வேண்டுமென்றே சிரமமாக வைத்திருந்தது. வாங்க வேண்டுமென்றால் விற்பவருக்குத் தகவல் அனுப்பி, அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்து, அவர் இடத்துக்கே போக வேண்டும். எளிதாக்கினால் எல்லோருக்கும் நல்ல பொருள் சீக்கிரம் கிடைத்துவிடும், அப்புறம் விழுவதைக் குறைக்க வேண்டிவரும் என்று அதன் உருவாக்குநர்கள் 2017-இல் விரிவாகவே எழுதினார்கள். மேலே நாம் போட்ட கணக்குதான் அது. பதில் வராத தகவல்களால் வீரர்கள் பல ஆண்டு எரிச்சலடைந்தார்கள். 2024-இலிருந்து அவர்கள் படிப்படியாக இறங்கி வந்தார்கள். முதலில் நாணயங்களை மாற்றிக்கொள்ள ஒரு தானியங்கிச் சந்தை. 2025-இல், விற்பவர் ஆட்டத்தில் இல்லாதபோதும் வாங்கக்கூடிய கடைகள். இரண்டுக்கும் தங்கம் கட்டணமாகக் கட்ட வேண்டும், அந்தத் தங்கத்தை யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ முடியாது, ஆடித்தான் சேர்க்க முடியும். வாங்க வருகிறவர் கொஞ்ச நேரமாவது ஆடிவிட்டுத்தான் வர வேண்டும்.